பழைய கடல் எஞ்சின் பிளாக்: துருவும் உப்பும்

கடலில் ஓடிய பழைய எஞ்சினின் பிளாக்கைக் கரையில் வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்து, பெயின்ட் அடித்து விடுவது பலரும் செய்யும் வேலை. பார்க்கப் புதிது போல் இருக்கும். சில மாதங்களில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். குத்திப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக நீர் கசியும். பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. தேய்த்தபோது மேலே இருந்த துருதான் போயிற்று. அதற்கடியில் இருந்த உப்பு போகவில்லை.

துருப்பிடித்தலைப் பற்றிய பாடத்தில் மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டு வைப்போம்: ஒன்றில் உலர்ந்த காற்று, ஒன்றில் கொதிக்க வைத்து எண்ணெயால் மூடிய நீர், ஒன்றில் சாதாரண நீர். மூன்றாவதில் மட்டும் ஆணி துருப்பிடிக்கும். நான் நான்காவதாக உப்பு நீர்க் குழாய் ஒன்றும் வைப்பது வழக்கம். மாணவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது அதைத்தான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அதனால் கடல்நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தும். அரிமானம் என்னும் மின்வேதிவினை விரைவாக நடக்கும். அதைவிட மோசமானது குளோரைடு அயனி. அது இரும்பைக் கரைப்பதற்குத் துணைபோகிறது, ஆனால் தான் செலவாவதில்லை. உருவாகும் இரும்புக் குளோரைடு நீருடனும் காற்றுடனும் சேர்ந்து துருவாக மாறும்போது அமிலம் பிறக்கிறது. குளோரைடு மீண்டும் விடுபட்டு அடுத்த இரும்பைத் தேடுகிறது. காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும். கரையில் கூரைக்கடியில் வைத்த பிளாக்கும் துருப்பிடிப்பது இதனால்தான். பித்தளைக் குழாயோ வால்வோ பிளாக்கோடு பொருத்தப்பட்டிருந்தால், அந்த இடத்தில் இரும்பு இன்னும் வேகமாகக் கரையும். அந்த இழப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளத்தான் கடல் எஞ்சின்களில் துத்தநாகத் துண்டு பொருத்துகிறார்கள்.

வார்ப்பிரும்பில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. சாம்பல் நிற வார்ப்பிரும்புக்குள் கார்பன் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவியிருக்கும். உப்பு நீரில் இரும்பு மட்டும் கரைந்து வெளியேற, கிராஃபைட்டும் துருவும் அதே வடிவத்தில் நிற்கும். விளிம்பு, போல்ட் துளை, வார்த்த எழுத்து எல்லாம் அப்படியே தெரியும். கத்தியால் கீறினால் பென்சில் முனை போலச் சீவிக்கொண்டு வரும். பழைய பிளாக் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது இந்தக் கீறல் சோதனைதான். குளிர்நீர் ஓடும் உட்பாதைகளை விட்டுவிடக்கூடாது. மென்மை ஆழமாக இறங்கியிருந்தால் அந்தப் பிளாக் காட்சிக்கு உதவும், ஓட்டத்துக்கு உதவாது.

இவ்வளவு கெட்டுப்போன எஞ்சினையும் மீட்டிருக்கிறார்கள். 'ஸாந்தோ' என்ற சிறு நீராவிக் கப்பல் 1872 நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் கிரிகோரியில் ஈயத் தாது ஏற்றியபடி மூழ்கியது. அதன் எஞ்சின் இங்கிலாந்தின் ஜான் பென் நிறுவனம் செய்தது. 1985-இல் மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தார் அதைக் கடலிலிருந்து எடுத்தார்கள். எடுப்பதற்கு முன்பே, தண்ணீருக்கடியில் இருந்தபடியே, அரிமானத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும் உலோகத் துண்டுகளை அதனுடன் இணைத்துவிட்டார்கள். வெளியே எடுத்ததும் உலரவிடவில்லை. உலர்ந்தால் உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்பையே வெடிக்கச் செய்திருக்கும். காரக் கரைசல் தொட்டியில் வைத்து, மின்சாரம் செலுத்தி, ஆண்டுக்கணக்கில் குளோரைடை வெளியேற்றினார்கள். மேலே படிந்திருந்த கடற்படிவைப் பொறுமையாக உடைத்து, பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். 2006 வாக்கில் அந்த எஞ்சினைக் கையால் சுழற்ற முடிந்தது. இருபது ஆண்டு வேலை!

நம்மிடம் உள்ள பிளாக் நூறாண்டு கடலுக்கடியில் கிடந்ததல்ல. ஆகவே இதே முறையைச் சிறிய அளவில் செய்தால் போதும். முதலில் நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவ வேண்டும். அலுமினியப் பாகங்களைக் கழற்றிவிட வேண்டும். காரம் அவற்றைத் தின்றுவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் நேர்மின்சாரத்தின் எதிர்முனையைப் பிளாக்கிலும் நேர்முனையைச் சாதாரண இரும்புத் தகட்டிலும் இணைக்க வேண்டும். பிளாக்கும் தகடும் ஒன்றையொன்று தொடக்கூடாது. எதிர்மின் ஏற்றம் பெற்ற பிளாக், குளோரைடு அயனிகளை வெளியே தள்ளும், துருவும் இளகும். தகட்டை நோக்கிய பக்கமே நன்றாகச் சுத்தமாகும் என்பதால் பிளாக்கைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும்.

இதில் இரண்டு தவறுகள் ஆபத்தானவை. எவர்சில்வர் தகட்டைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மம் கரைசலில் சேரும். சோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். துரத்த வந்த உப்பையே உள்ளே விட்டதாகவும் ஆகும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஹைட்ரஜன் வெளிவரும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். அருகில் நெருப்பு கூடாது. மின்சாரத்தை நிறுத்தாமல் தொட்டியில் கை வைக்கக்கூடாது.

உப்பு போய்விட்டதா என்று கண்ணால் அறிய முடியாது. பிளாக்கைப் புதிதாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, அந்த நீரில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலம் ஒரு துளியும் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு துளியும் விட வேண்டும். பால் போல வெண்மை தோன்றினால் குளோரைடு மிச்சம் இருக்கிறது. மறுபடி ஊறவைக்க வேண்டியதுதான். அமிலத்தை முதலில் விடாவிட்டால் மிஞ்சிய சோடாவும் வெண்மை தரும், ஏமாந்து போவோம்.

கழுவி எடுத்த பிளாக்கைச் சூடான காற்றில் உடனே உலர்த்த வேண்டும். அரை மணி நேரம் விட்டாலே புதிய இளஞ்சிவப்புத் துரு படரும். அதன்பின் டானிக் அமிலம் பூசினால் மேற்பரப்பு கருநீலமாகி ஒரு காப்புப் படலம் உண்டாகும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்பதும் இதே வினைதான். சிலிண்டர் உட்சுவரில் இதைப் பூசக்கூடாது. அங்கே எண்ணெய் மட்டும் போதும். பெயின்ட் அடிப்பதற்கு முன் நீர்ப்பாதைகளை அடைத்து, தண்ணீர் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். காற்றைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. பலவீனமான சுவர் உடைந்தால் தண்ணீர் பீறிடும், காற்றோ துண்டுகளைத் தெறிக்க வைக்கும்.