உரல் சத்தமும் பாட்டுச் சத்தமும்
பாங்கொக் நகரின் இரவு உணவு மண்டபங்களில் ஈசான் பெண்கள்

இரவு பதினொரு மணி. பாங்கொக் நகரில் பெரிய கடைகள் எல்லாம் பூட்டியாயிற்று. ஆனால் பெருவீதி ஓரத்திலுள்ள உணவு மண்டபத்துக்கு இப்பொழுதுதான் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மண்டபம் நிறைய மேசைகள். முன்னால் வண்ண விளக்குகள் மின்னும் மேடை. அதில் ஒரு பெண் பாடிக்கொண்டிருக்கிறார். கிற்றாரும் மேளமும் முழங்குகின்றன. சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கிவரும் பெண்கள்கூடத் தாளத்துக்கு அசைந்தபடியே நடக்கிறார்கள். சாப்பிட வந்தவர்களும் மேசைகளுக்கிடையே எழுந்து நின்று ஆடுகிறார்கள்.

இங்கு வருபவர்களிற் பலர் வேலை முடித்து வந்த தொழிலாளர்கள். வாடகைக் கார் சாரதிகள், தொழிற்சாலைப் பெண்கள், வீட்டுப் பணிப்பெண்கள், நாள் முழுதும் வேறொரு கடையில் கோப்பை கழுவிக் களைத்தவர்கள். அநேகர் தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அப்பகுதியின் பெயர் 'ஈசான்'. நாம் 'ஈசான மூலை' என்று சொல்கிறோமே, அதே சொல்தான்.

வரண்ட மண்ணிலிருந்து

ஈசானில் 20 மாகாணங்கள் உள்ளன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. மணற்பாங்கான மண், மழையை நம்பிய நெல் விவசாயம். பெரும்பாலான வயல்களில் வருடத்துக்கு ஒரு போகந்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அறுவடை முடிந்ததும் இளையவர்கள் வேலை தேடி பாங்கொக்குக்கு பஸ் ஏறுவார்கள்.

வியட்நாம் போரும் இந்த மண்ணைத் தொட்டது. 1960களில் ஈசானின் உடோன் தானி, உபோன் போன்ற நகரங்களில் அமெரிக்க விமானத் தளங்கள் இயங்கின. அவற்றைச் சுற்றி மதுச்சாலைகளும் சலவைக் கடைகளும் முளைத்தன. அங்கு வேலை செய்தவர்களில் ஏழைப் பெண்கள் ஏராளம். 1976இல் படைகள் வெளியேறியபோது அந்த வருமானமும் போயிற்று.

தலைநகரில் ஈசான் மக்களுக்குக் கிடைத்த வரவேற்பு நல்லதல்ல. லாவோ மொழி பேசுகிறார்கள், கையால் சோறு உருட்டிச் சாப்பிடுகிறார்கள், மீன் நாற்றம் வீசுகிறது என்று நகரத்தார் ஏளனம் செய்தார்கள். இன்று அதே நகரத்தார் அந்தச் சாப்பாட்டைத் தேடி நள்ளிரவில் வருகிறார்கள்.

மேசைக்கு வருவது என்ன?

முதலில் வருவது 'சொம் தம்'. புளிப்பாக இடித்தது என்று பொருள். காய் பப்பாசியை மெல்லிய நாராகச் சீவி எடுப்பார்கள். உரலில் உள்ளியையும் மிளகாயையும் முதலில் இடிப்பார்கள். பிறகு பயிற்றங்காய், தக்காளி, பனங்கட்டி, மீன் சோஸ், தேசிக்காய்ப் புளி, பப்பாசி. இந்த இடத்தில் பலமாக இடிக்கக் கூடாது. ஒரு கையால் உலக்கை போட, மறுகை அகப்பையால் புரட்டிக்கொண்டே இருக்கும். பாங்கொக் முறையில் வறுத்த கச்சானும் காய்ந்த இறாலும் சேரும். ஈசான் முறையில் 'பிளா ரா' சேரும். அது மீனை உப்பும் அரிசித் தவிடும் இட்டு மாதக்கணக்கில் புளிக்கவைத்தது. அடுப்பே தேவையில்லாத சாப்பாடு இது.

அடுத்தது 'லாப்'. கொத்திய இறைச்சியில் தேசிப்புளி, மிளகாய்த்தூள், புதினா இலை சேர்த்து, வறுத்து இடித்த அரிசித்தூளைத் தூவுவார்கள். கூடவே தணலில் வாட்டிய கோழி. எல்லாவற்றுக்கும் துணை ஒட்டும் அரிசிச் சோறு. அரிசியைப் பல மணித்தியாலம் ஊறவைத்து, மூங்கிற் கூடையில் ஆவியில் அவித்து, மூடியுள்ள சிறு கூடையில் சூடாகக் கொண்டுவருவார்கள். கையால் சிறு உருண்டை பிடித்து, கறியில் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

மேடையில் ஒலிப்பது

மேடைப் பாட்டில் இரண்டு வகை பிரதானம். ஒன்று ஈசானின் 'மோ லம்'. 'கேன்' எனும் வாத்தியம் அதற்கு உயிர். 16 மூங்கிற் குழல்களைச் சேர்த்துக் கட்டி வாயால் ஊதுவது அது. முன்பு கிராமங்களில் ஆணும் பெண்ணும் கேன் இசைக்கு எதிர்ப்பாட்டுப் பாடி இரவைப் பகலாக்குவார்கள். பெண்ணும் ஆணுக்குச் சமமாக நின்று, சளைக்காமல் பதில் கொடுக்க வேண்டும். மற்றது 'லூக் துங்'. வயலின் பிள்ளை என்று பொருள். ஊரைப் பிரிந்த ஏக்கமும் நகர வாழ்க்கையின் ஏமாற்றமும் அதில் நிறைய உண்டு. நள்ளிரவில் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைப்பவரும் அந்த மண்டபத்தில் இருப்பார்.

லூக் துங் பாட்டின் அரசி என்று தாய்லாந்து மக்கள் கொண்டாடுபவர் பும்புவாங் துவாங்சான். 1961இல் பிறந்தவர். மத்திய தாய்லாந்தின் சுபான்புரியில் கூலி விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். சிறு வயதிலேயே கரும்புத் தோட்ட வேலைக்குப் போனதால் எழுத வாசிக்கக் கற்கவில்லை. பிறர் வாசித்துக்காட்ட, பாட்டுகளைக் காதால் கேட்டே மனனம் செய்தார். நாடே அவரது பாட்டுக்கு ஆடியது. ஆயினும் உழைத்த பணம் அவர் கையில் தங்கவில்லை. லூபஸ் எனும் நோயினால் 1992 ஜூன் 13ஆம் திகதி காலமானார். வயது 30 மட்டுமே. இன்றும் சுபான்புரி விகாரையிலுள்ள அவரது சிலைக்கு மக்கள் உடைகள் கொண்டுவந்து காணிக்கை வைக்கிறார்கள்.

விளக்கு அணைந்த பிறகு

பாட்டுப் பிடித்துவிட்டால் மாலை வாங்கிப் பாடகியின் கழுத்தில் போடுவது இந்த மண்டபங்களின் வழக்கம். மாலைக்குக் கொடுக்கும் பணத்தில் பாடகிக்கு ஒரு பங்கு, மண்டபத்துக்கு ஒரு பங்கு என்று பல இடங்களில் பிரிப்பார்கள். எத்தனை மாலை விழுந்தது, தன் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கு வைத்திருக்கும் பாடகிக்குத்தான் முழுக் காசும் கிடைக்கும்.

உரலடியில் நிற்பவருக்கும் இரவு வேலை இலேசானதல்ல. தாய்லாந்தின் 1998ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிப் பெண்ணை இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை வேலை வாங்கக் கூடாது என்கிறது. சட்டம் இருப்பது தெரிந்தால்தானே அதைக் கேட்கவும் முடியும்?

சகோதரிகளே, ஏளனம் செய்யப்பட்ட ஒரு சாப்பாட்டையும் ஒரு பாட்டையும் கொண்டே இப்பெண்கள் அந்நிய நகரில் தமக்கென ஓர் இடம் பிடித்தார்கள். ஊரை விட்டு வரும்போது அவர்கள் கொண்டுவந்தவை அவைதாம். நம்மிடமும் அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் பழகிய கைப்பக்குவம் உண்டு. அதை வைத்துச் சிறு கடை தொடங்கினாலும், இன்னொருவர் கடையில் வேலைக்கு நின்றாலும், பும்புவாங்கின் கதையை மறக்க வேண்டாம். சமையல் நம் கையில் இருப்பது போல, கணக்குக் கொப்பியும் நம் கையிலேயே இருக்கட்டும். அதை வாசிக்க நாமும் கற்போம். நம் பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.