டிக்கெட்டில் ஒன்றேகால் மணி, பறப்பது எவ்வளவு?

மதுரை விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 418 கி.மீ. ஜெட் விமானமோ மணிக்கு 800 கி.மீ. போகக்கூடியது. அரை மணியில் போய் இறங்கிவிட வேண்டாமா? டிக்கெட்டில் ஒன்றேகால் மணி என்று ஏன் போடுகிறார்கள்? வேடசந்தூரிலிருந்து நால்வழிச் சாலையில் 90 கி.மீ. விரட்டிப் போய் விமானம் பிடிக்கிறவருக்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. வாருங்கள், திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்ப்போம்!

முதல் குட்டு சக்கரத்தடியில் இருக்கிறது. லாரியை ஓரங்கட்டியதும் கிளீனர் டயருக்குக் கட்டை போடுவாரே, விமானத்துக்கும் அப்படி ஒரு கட்டை உண்டு. இங்கே அதை எடுத்து வண்டி நகர்வதிலிருந்து, அங்கே நின்று மறுபடி கட்டை விழும்வரை ஓடுகிற கடிகாரம்தான் டிக்கெட்டில் இருப்பது. துறைக்காரர்கள் சொல்வது ‘பிளாக் டைம்’. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். போதாததற்குக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் கூடுதல் நிமிடங்களையும் சேர்த்துவைப்பார்கள். சீக்கிரம் வந்துவிட்டோம் என்று மைக்கில் பெருமையடித்துக்கொள்ள வேண்டாமா!

சரி, ஏறியாயிற்று. இனியாவது 800-ல் பறக்குமா? அதற்கு இடம் எங்கே இருக்கிறது? 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 463 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. 30,000 அடியிலிருந்து இறங்குவதற்கு மட்டும் 160 கி.மீ.க்கு மேல் வேண்டும். சென்னையிலிருந்து வருகிற விமானம் திருச்சியை நெருங்கும் முன்பே இறங்கத் தொடங்கிவிடும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கழித்தால் நடுவில் சமமாகப் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

இன்னொரு வேடிக்கை: மதுரையிலிருந்து சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம்! அதன் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 355 கி.மீ. மதுரையின் முதல் வெளிநாட்டு விமானமும் 2012-ல் அங்கேதான் பறந்தது. ஆனால் குடியேற்றச் சோதனைக்காக முன்கூட்டியே போய் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால், பக்கத்து ஊர் தூரத்து ஊராகிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி காற்று. ஆடி மாதம் வேடசந்தூர்ப் பக்கம் மேல்காற்று மண்ணை வாரியடிக்கும். அதே நாளில், தலைக்கு மேலே 12 கி.மீ. உயரத்தில் காற்று நேரெதிராக, கிழக்கிலிருந்து மேற்கே பாய்ந்துகொண்டிருக்கும்; வேகம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. இந்தக் கீழைத் தாரைக்காற்றைப் பற்றி 1958-லேயே விரிவாக எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம். மேற்குப் பக்கம் பறக்கிறவருக்கு இது வசதி: மதுரையிலிருந்து துபாய் 3,000 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆடியில் அங்கே வேலைக்குக் கிளம்புகிறவரை இந்தக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். அதே மாதம் லீவில் ஊருக்கு வருகிறவரோ அதை எதிர்த்துத்தான் வந்துசேர வேண்டும்!