மங்களபுரத்தில் படித்தவர்கள்

அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ.-க்குப் பின்புறம், மங்களபுரம் மின்வாரிய சாலையில் இருக்கிறது தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம். பட்டரைவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷிஃப்டுக்கு ஓடுகிற தொழிலாளிக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவருடைய ஓ.டி. கணக்கைச் சரிபார்ப்பவர், பி.எஃப். படிவத்தில் கையெழுத்திடுபவர், சார்ஜ் மெமோ கொடுப்பவர், அந்த மெமோ தவறு என்று புகார் போனால் விசாரிக்கிறவர் என்று யாரோ ஒருவர் இங்கே படித்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

1970-களில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நிலையம் இது. தொழிலாளர் துறையின் கீழ் இயங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழக இணைவுடன் தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. பட்டங்கள், தொழிலாளர் நிர்வாகத்தில் மாலை நேர முதுநிலைப் பட்டயம், தொழிலாளர் சட்டங்களில் வார இறுதிப் பட்டயம் ஆகியவை இங்கே உண்டு. தொழிற்சாலைகளில் நல அலுவலராகச் சேர இந்தப் படிப்புகள் தகுதியாக ஏற்கப்பட்டவை. தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர், உதவி ஆணையர் பணிகளுக்கும் இவை கைகொடுக்கின்றன.

இப்படி ஒரு படிப்பு இந்த ஊரில் இருப்பது பொருத்தம். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1964-இல் தொழிற்பேட்டை. அடுத்த ஆண்டே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையின் மேற்குப் புறத்தில் வாடகை, பள்ளிக்கட்டணம், கல்யாணம் எல்லாம் ஆலைச் சம்பளத்தை நம்பியே நடந்திருக்கின்றன. ஆலைக்குள் தொழிலாளியின் குறை கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்று 1931-லேயே தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் சொன்னது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 49-ஆம் பிரிவில் அதைக் கட்டாயமாக்கியது: 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் நல அலுவலர் இருந்தாக வேண்டும். அந்த நாற்காலியில் உட்காரப் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள். பம்பாயில் 1936-இலேயே டாடா சமூகப் பணிப் பள்ளி வந்துவிட்டது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். அரசே நடத்தும் நிலையம் என்ற வகையில் மங்களபுரத்துக்கு அந்த வரிசையில் தனி இடம் உண்டு.

இங்கே மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பகலில் வேலை பார்க்கிறவர்கள். ஆலை டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்க்கும் இளைஞர், காண்ட்ராக்டரிடம் மேற்பார்வையாளர், சட்டம் தெரிந்துகொள்ள வரும் தொழிற்சங்கக்காரர், பதவி உயர்வுக்குப் படிக்கிற அரசு ஊழியர் என்று ஒரே பெஞ்சில் பலவிதம். படித்து முடித்ததும் ஒருவர் நிர்வாகத்தின் எச்.ஆர். மேலாளர், இன்னொருவர் தொழிலாளர் துறை அதிகாரி, மூன்றாமவர் சங்கத்தின் சார்பில் வாதாடுகிறவர். ஒரு சமரசப் பேச்சுவார்த்தை நடந்தால் மேஜையின் மூன்று பக்கத்திலும் ஒரே நிலையத்தில் படித்தவர்கள் உட்காரக்கூடும். பொறியியல் கல்லூரிக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ இந்த நிலைமை இல்லை.

அதனால்தான் இங்கே முன்னாள் மாணவர் உறவு வேறு மாதிரி இருக்க வேண்டும் என்கிறேன். நம் கல்லூரிகளில் முன்னாள் மாணவர் சங்கம் என்றால் ஆண்டுக்கு ஒரு சந்திப்பு, பொன்னாடை, குரூப் போட்டோ, மதிய விருந்து. அப்புறம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கென்று தனிப் பகுதி இருப்பதால், மதிப்பெண்ணுக்காகவே சங்கத்தைப் பதிவு செய்யும் கல்லூரிகளும் உண்டு. அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர்கள் உதவ 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல்’ திட்டம் வந்தது. வகுப்பறை, கழிப்பறை, கணினி என்று அங்கே பணத்தின் தேவை கண்ணுக்குத் தெரிகிறது. தொழிலாளர் சட்டம் படிக்கும் மாணவருக்கு அதைவிடப் பெரிய தேவை ஒன்று இருக்கிறது. உண்மையான வழக்குக் கட்டுகளைப் பார்த்தவர்கள் அவர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும்.

இப்போது அந்தத் தேவை அவசரமாகிவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்ற நான்கு தலைப்புகளில் 29 மத்தியச் சட்டங்கள் அடங்கிவிட்டன. 1947-இன் தொழில் தகராறுகள் சட்டம், 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் என்று மங்களபுரத்தில் படித்த தலைமுறைகள் பிரிவு எண்ணோடு மனப்பாடம் செய்தவை எல்லாம் அதில் சேர்த்தி. ‘12(3) போட்டாச்சா, 18(1) தானா?’ என்பது ஆலை வட்டாரத்தில் சாதாரணப் பேச்சு. தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3)-படி சமரச அலுவலர் முன்னிலையில் போட்ட ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். 18(1)-படி தனியாகப் போட்டது கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அந்த எண்கள் இனிப் பழைய எண்கள்.

மாற்றம் எண்களோடு நிற்கவில்லை. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி 100 தொழிலாளர் உள்ள ஆலைக்கே தேவைப்பட்டது, இனி 300. நிலையாணைகளுக்கும் அதே உயர்வு. காண்ட்ராக்ட் ஆட்களைப் பற்றிய விதிகள் 20 பேரிலிருந்து 50 பேருக்கு நகர்ந்துவிட்டன. தொழிற்பேட்டையில் பெரும்பாலானவை சிறிய யூனிட்டுகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அங்கே வேலை செய்யும் பையன்களுக்கு இந்த எல்லைகள் உயர்ந்தது நல்ல செய்தி இல்லை. மறுபக்கம், எல்லாருக்கும் பணி நியமனக் கடிதம் கட்டாயம். குறித்த காலத்துக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி. கான்டீன் எல்லை 250-லிருந்து 100 பேருக்கும், நல அலுவலர் எல்லை 500-லிருந்து 250 பேருக்கும் இறங்கியிருக்கிறது. கடைசியாகச் சொன்னது மங்களபுரம் மாணவர்களுக்கு நேரடியான வேலைவாய்ப்பு.

முப்பது வருடம் வேலை பார்த்த எச்.ஆர். மேலாளரும் நேற்று சேர்ந்த மாணவரும் இன்று ஒரே பாடத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. மாணவரிடம் புதிய தொகுப்பின் வாசகம் இருக்கிறது. மூத்தவரிடம் பழைய சட்டம் எந்த ஆலையில், எந்தச் சண்டையில், எப்படி வளைந்தது என்ற அனுபவம் இருக்கிறது. சட்டத்தை எழுத்தாகப் படித்தவருக்கு ஆலை புரியாது. பூந்தமல்லியைத் தாண்டி சுங்குவார்சத்திரத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. சங்கத்தைப் பதிவு செய்வது, அங்கீகரிப்பது என்ற கேள்வி அமைச்சர்கள் வரை போனது. நூறாண்டுக்கு முன், 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோதும் இதே கேள்விதான் இருந்தது. சாம்சங் பேச்சுவார்த்தைக் கூடத்துக்குள் உட்கார்ந்தவர்கள் வந்து விளக்கினால் அது போல ஒரு வகுப்பு கிடைக்காது.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. ஆலையில் இருக்கும் முன்னாள் மாணவர், பயிற்சிக்கு வரும் எம்.ஏ. மாணவரை பி.எஃப். படிவம் ஜெராக்ஸ் எடுக்க வைக்காமல் கான்டீன் கமிட்டியிலும், அனுமதி இருந்தால் உள்விசாரணையிலும் உட்கார வைக்கலாம். ஓய்வு பெற்றவர்கள் வீட்டுப் பரணில் பழைய ஊதிய ஒப்பந்த நகல்களும், லேபர் லா ஜர்னல் தொகுதிகளும் தூசி தட்டாமல் கிடக்கின்றன. அம்பத்தூர், ஆவடி ஆலைகளின் ஊதிய வரலாறு அவற்றில்தான் இருக்கிறது. எடைக்குப் போடாமல் நூலகத்துக்குக் கொடுக்கலாம்.

ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். ஆய்வுக்குப் போகும் அதிகாரியும் ஆய்வுக்கு உள்ளாகும் மேலாளரும் ஒரே பேட்ச் என்பது தொழிலாளிக்குப் பயம் தரும் செய்தி. ‘நம்ம ஆளுதான், பார்த்துக்கலாம்’ என்ற சொல் ஓர் ஓ.டி. பாக்கியையோ விரல் துண்டான விபத்தையோ மூடி மறைத்துவிடும். ஆகவே முன்னாள் மாணவர் சங்கக் கூட்டங்களில் நடப்பு வழக்குகளைப் பேசக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். முடிந்துபோன வழக்குகளை எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். நிர்வாகம், அரசு, சங்கம் மூன்று தரப்பும் நடுவில் ஃபைல் இல்லாமல் உட்கார்ந்து பேச இந்த வட்டாரத்தில் வேறு இடம் எது? நிர்வாகத்தரப்பு முன்னாள் மாணவரை மட்டும் மேடையேற்றிச் சங்கத்தரப்பு ஆளை மறந்துவிடும் வழக்கமும் ஒழிய வேண்டும். இருவருக்கும் பாடம் சொன்னது ஒரே வகுப்பறைதான்.

இங்கே படித்து இப்போது அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஒரகடத்திலோ வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதி வகுப்புகள் நடக்கும் நாளில், நிலையத்தின் ஒப்புதலோடு, நீங்கள் முடித்துவைத்த ஒரு வழக்கின் நகலை ஆட்களின் பெயரை நீக்கிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அதில் நீங்கள் எடுத்த முடிவு புதிய தொகுப்பின்படி செல்லுமா என்று மாணவர்களிடம் கேளுங்கள்.