கதவைத் தட்டினால் உடனே திறக்க மாட்டார்கள்!

"நான் சன்னியாசி ஆகப் போகிறேன்."

வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? தாய் அழுவாள். தகப்பனார் கோபிப்பார். "யாரோ மயக்கிவிட்டார்கள்" என்று உறவினர் பேசுவார்கள். நம் நாட்டில் மட்டும் அல்ல, இங்கிலாந்திலும் இதே கதைதான்.

ஆனால், அந்தப் பிள்ளையின் பேச்சைச் சந்தேகிப்பவர்கள் பெற்றோர் மட்டும் அல்ல. எந்த மடத்தில் சேரப் போகிறதோ, அந்த மடமும் அதை உடனே நம்புவது இல்லை! "கடவுள் என்னை அழைக்கிறார்" என்று சொன்னவுடன் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். பல ஆண்டுகள் வைத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் முடிவு.

கன்னியர் மடம், சன்னியாசி மடம் என்றாலே கத்தோலிக்க சபைதான் நினைவுக்கு வரும். ஆனால், இங்கிலாந்து திருச்சபையிலும் (இதை ஆங்கிலிக்கன் சபை என்பார்கள்) மடங்கள் உண்டு. இடையில் 300 ஆண்டுகள் மட்டும் இல்லாமல் போயிருந்தன.

அரசன் பூட்டிய மடங்கள்

அதற்குக் காரணம், 8-ம் ஹென்றி. ஆறு மனைவிகளை மணந்த அதே அரசன்தான். 1536-ல் இருந்து 1540-க்குள் ஏறக்குறைய 800 மடங்களை அவன் மூடினான். நிலம், வெள்ளிப் பாத்திரம், கூரையில் வேய்ந்திருந்த ஈயத் தகடு எல்லாம் பறிபோயின. சன்னியாசிகள் பலருக்கு உதவிச் சம்பளம் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். எதிர்த்து நின்ற மடத் தலைவர்கள் சிலர் தூக்கில் தொங்கினார்கள்.

1833-ல் ஆக்ஸ்போர்டு நகரில் ஒரு இயக்கம் தோன்றியது. பழைய வழிபாடும் துறவு வாழ்க்கையும் திரும்ப வேண்டும் என்று சில பாதிரியார்கள் பேசினார்கள், எழுதினார்கள். அதைக் கேட்டவர்களில் ஒரு இளம்பெண் இருந்தார். பெயர் மரியன் ரெபெக்கா ஹியூஸ்.

1841-ம் ஆண்டு, புசி என்ற பாதிரியார் முன்னிலையில் மரியன் பொருத்தனை செய்தார். "வாழ்நாள் முழுவதும் கன்னியாகவே இருந்து கடவுளுக்கு ஊழியம் செய்வேன்" என்பதே அதன் பொருள். இங்கிலாந்து திருச்சபையில் 300 ஆண்டுகளுக்குப் பிறகு இப்படிப் பொருத்தனை செய்த முதல் பெண் அவர்தான்.

சரி, பொருத்தனை செய்தாகிவிட்டது. எந்த மடத்திற்குப் போவது? இங்கிலாந்து திருச்சபையில் மடமே கிடையாது! பிரான்சு நாட்டுக்குச் சென்று அங்குள்ள கன்னியர் மடங்களைப் பார்த்து வந்தார். பிறகு வீட்டுக்குத் திரும்பினார். வயதான பெற்றோரைக் கவனிக்க வேண்டி இருந்தது. ஏறக்குறைய பத்து ஆண்டுகள் இப்படிப் போயின.

அதன் பிறகுதான் ஆக்ஸ்போர்டில் அவர் தலைமையில் ஒரு கன்னியர் மடம் ஏற்பட்டது. பெற்றோரைத் தவிக்க விட்டுவிட்டு ஓடி வந்த பெண் அல்ல அவர். அதை இங்கே சொல்லியே ஆகவேண்டும். பொருத்தனை செய்து 70 ஆண்டுகள் கழித்து, 1912-ல் அவர் காலமானார். அந்த மடத்தின் கட்டிடத்தில் இப்போது செயின்ட் ஆன்டனீஸ் கல்லூரி இருக்கிறது.

என்ன சோதனை?

இப்போது மடத்தில் சேருவது எப்படி?

முதலில் விருந்தாளியாகப் போய்ச் சில நாட்கள் தங்க வேண்டும். பொழுது விடிந்ததும் மணி அடிக்கும். எழுந்து ஜெபத்திற்குப் போகவேண்டும். ஒரு நாளைக்குப் பல முறை ஜெபம் உண்டு. இடையே வேலை. காய்கறி நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, தோட்டத்தில் களை பறிப்பது எல்லாம் சன்னியாசிகளே செய்வார்கள். இரவு ஜெபம் முடிந்தால் மறுநாள் காலை வரை பேசக்கூடாது.

வந்தவரைக் கேள்வி கேட்பார்கள். கடன் இருக்கிறதா? உன்னை நம்பி யாராவது இருக்கிறார்களா? உடம்பு எப்படி? காதலில் தோற்று வந்தாயா? வேலை கிடைக்காமல் வந்தாயா? கடன்காரனுக்கு மடம் ஒளிவிடம் அல்ல. மனமுடைந்தவனுக்கு அது ஆஸ்பத்திரியும் அல்ல.

பலமுறை வந்து தங்கிய பிறகும் ஆசை மாறவில்லை என்றால், சில மாதங்கள் உள்ளேயே தங்க அனுமதிப்பார்கள். அதற்குப் பிறகு மடத்து உடுப்புக் கொடுத்துப் பயிற்சியில் சேர்ப்பார்கள். பயிற்சி பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள். அதையும் தாண்டினால் பொருத்தனை. அதுவும் முதலில் சில ஆண்டுகளுக்கு மட்டும். கடைசியாகத்தான் ஆயுள் பொருத்தனை. ஒவ்வொரு படியிலும் மடத்தில் உள்ளவர்கள் கூடி, "இவரை மேலே அனுப்பலாமா?" என்று முடிவு செய்வார்கள்.

வந்தவர் கனவு கண்டாரா, அசரீரி கேட்டாரா என்பது பெரிய விஷயம் அல்ல. பக்கத்து அறைக்காரரின் தும்மலையும் முணுமுணுப்பையும் பொறுத்துக்கொண்டு, அதே முகங்களோடு தினமும் சாப்பிட முடியுமா? பெரிய தியாகம் செய்யத் துணிந்தவர்கள் கூட இந்தச் சின்ன விஷயத்தில் தடுமாறிவிடுவது உண்டு.

பத்திரமாக வைத்த பழைய துணி

இந்தக் கண்டிப்பு புதியது அல்ல. 6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்ற துறவி மடங்களுக்கு ஒழுங்கு எழுதி வைத்தார். புதிதாக வருபவனைச் சுலபமாகச் சேர்க்கக்கூடாது என்கிறார் அவர். நாலைந்து நாள் வாசலில் தட்டிக்கொண்டே நிற்கட்டும். பிறகு உள்ளே விட்டு, ஒரு ஆண்டுக்குள் மூன்று முறை மடத்து ஒழுங்கை அவனுக்குப் படித்துக் காட்டவேண்டும். முடியாது என்றால் அவன் தாராளமாகப் போகலாம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். சேர்ந்தவன் கழற்றிய பழைய துணிகளைத் தூக்கி எறியக்கூடாது. பெட்டியில் பத்திரமாக வைக்கவேண்டும். என்றாவது அவன் வெளியேறினால், மடத்து உடுப்பை வாங்கிக்கொண்டு, அவன் துணியை அவனிடம் கொடுக்கவேண்டும்! இங்கிலாந்து திருச்சபையின் மடங்களில் பல இன்றும் பெனடிக்ட் வகுத்த வழியில் நடப்பவை.

இந்தியாவுக்குப் புறப்பட்டவர்

சில சமயம், ஒருவர் நினைத்த இடம் ஒன்று, போய்ச் சேரும் இடம் வேறு. ரிச்சர்டு மியூக்ஸ் பென்சன் என்ற பாதிரியார், ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலி என்ற ஊரில் ஊழியம் செய்தார். இந்தியாவுக்கு வந்து மிஷன் வேலை செய்ய அவருக்கு ஆசை. புறப்படத் தயாராக இருந்தார். "ஊர் பெருகிக்கொண்டு போகிறது, நீர் இங்கேயே இரும்" என்றார் பிஷப். பென்சன் பணிந்தார்.

1866-ம் ஆண்டு டிசம்பரில், அதே கௌலியில், இரண்டு பாதிரியார்களோடு சேர்ந்து அவர் ஒரு துறவுச் சங்கம் தொடங்கினார். ஆங்கிலிக்கன் சபையில் நிலைத்து நின்ற முதல் ஆண்கள் சங்கம் அதுதான். அந்த இரண்டு பேரில் ஒருவரான ஓநீல் இந்தியாவுக்கு வந்தார். இந்தூரில் ஊழியம் செய்து, 1882-ல் அங்கேயே உயிர் விட்டார்.

துப்பாக்கியை விட்ட போலீஸ்காரர்

பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளில் நடந்தது இது. அங்கே ஒரு போலீஸ்காரர் இருந்தார். பெயர் இனி கொப்பூரியா. (தமிழ்ச் சொல் போல இருந்தாலும் "இனி" என்பது அவர் பெயர்தான்.) 1924-ல் அவருக்கு முழங்காலில் அடிபட்டது. ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது யோசித்தார். "கைதிகளைப் பிடிக்கக் காட்டுக்கும் மலைக்கும் போனேன். அதே ஜனங்களிடம் நற்செய்தி சொல்லப் போனால் என்ன?" என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று.

போலீஸ் வேலையை விட்டார். 1925-ல் பொருத்தனை செய்தார். சம்பளம் வாங்குவதில்லை, கலியாணம் செய்துகொள்வதில்லை என்று வாக்குக் கொடுத்தார். தபாலியா என்ற இடத்தில் இருந்த தம் நிலத்தையும் கொடுத்துவிட்டார். அங்கே உருவானதுதான் மெலனேசிய சகோதரர் சங்கம்.

இந்தச் சங்கத்தில் ஒரு புதுமை. சகோதரர்கள் சில ஆண்டுகளுக்கு மட்டும் பொருத்தனை செய்வார்கள். தவணை முடிந்தால் புதுப்பிக்கலாம். விரும்பினால் ஊருக்குத் திரும்பிக் குடும்பம் நடத்தலாம். அதில் அவமானம் இல்லை. சங்கத்தைத் தொடங்கிய இனியே 1940-ல் பொருத்தனையில் இருந்து விடுதலை பெற்று, கலியாணம் செய்துகொண்டார். 1945-ல் இறந்தார். இன்றும் அந்தச் சங்கம் அவரைத் தந்தையாகவே போற்றுகிறது.

தவணைத் துறவு என்றால் அரைகுறைத் துறவா? 2003-ம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். சாலமன் தீவுகளில் அப்போது உள்நாட்டுச் சண்டை நடந்து ஓய்ந்திருந்தது. ஊர் ஊராகத் துப்பாக்கிகளைக் கேட்டு வாங்கிக் கடலில் போட்டவர்கள் இந்தச் சகோதரர்கள்தான். ஹெரால்டு கெக்கே என்ற கலகத் தலைவன் மட்டும் பணியவில்லை. அவனைத் தம் நண்பன் என்று நம்பி நத்தானியேல் சாடோ என்ற சகோதரர் பேசப் போனார். அவரைக் கொன்றுவிட்டார்கள்.

அவர் உடலையாவது கொண்டுவரலாம் என்று ஏப்ரல் மாதம் ஆறு சகோதரர்கள் புறப்பட்டார்கள். யார் கையிலும் ஆயுதம் இல்லை. ஆறு பேரும் கொல்லப்பட்டார்கள். அந்தச் செய்தி ஆகஸ்டு மாதம்தான் உறுதியாயிற்று. அந்த ஆறு பேரில் ஒருவர் பெயரும் இனி.

ஏழு பேரும் தபாலியாவில், பழைய போலீஸ்காரர் கொடுத்த அந்த நிலத்தில், அடக்கம் செய்யப்பட்டார்கள்.