கருந்துளைகளின் விதை எது?

கண்டாச்சிபுரம் போன்ற ஊர்ப்புறங்களில், வானம் தெளிந்த மார்கழி முன்னிரவில் வடதிசையை நோக்கினால் மங்கலான புகைத்திட்டு ஒன்றைக் காணலாம். பாரசீக வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, 964ஆம் ஆண்டளவில் எழுதிய தம் நூலில் அதைச் சிறு மேகமெனக் குறித்தார். இன்று நாம் அதை ஆந்திரோமீடா விண்மீன் மண்டலம் என்கிறோம். அதன் நடுவே 10 கோடிச் சூரியன்களுக்கு மேற்பட்ட நிறைகொண்ட கருந்துளை உள்ளது.

இத்தகைய பெருங்கருந்துளைகள் எங்ஙனம் தோன்றின? பெரிய விண்மீன்கள் எரிபொருள் தீர்ந்து தம் ஈர்ப்பினாலேயே நொறுங்கும்போது சிறு கருந்துளைகள் பிறக்கின்றன. அவை சூழ்ந்துள்ள வாயுவை விழுங்கி வளரும். ஆனால் அவ்வளர்ச்சிக்கும் வரம்புண்டு. விழும் வாயு வெப்பமுற்று வீசும் ஒளியே பின்வரும் வாயுவைத் தள்ளிவிடும். ஆகவே நிறை ஒருமுறை இரட்டிப்பதற்கு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகள் வேண்டும். பெருவெடிப்புக்குப் பின் 20 கோடியாவது ஆண்டில் தோன்றிய 100 சூரிய நிறையுள்ள விதை, 47 கோடியாவது ஆண்டுக்குள் ஒன்பது முறை இரட்டித்தாலும் சுமார் 50 ஆயிரத்தையே எட்டும்.

விதையே பெரிதாக இருந்திருந்தால்? கோயம்புத்தூரில் பிறந்த யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியம்வதா நடராஜன், 2006இல் கியூசெப்பே லொடாட்டோவுடன் இணைந்து இவ்வழியை ஆராய்ந்தார். ஆதி வாயுமேகம், ஹைட்ரஜன் மூலக்கூறுகளால் குளிர்ந்தால், துண்டுபட்டு விண்மீன்களாகும். அண்டை மண்டலத்தின் புறஊதாக் கதிர்கள் அம்மூலக்கூறுகளைச் சிதைத்துவிட்டால் மேகம் குளிராது, துண்டுபடாது. அதன் நடுப்பகுதி ஒருசேரச் சரிந்து, 10 ஆயிரம் முதல் 1 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளையாகும்.

2023இல் இக்கருத்துக்கு வலுவான சான்று கிட்டியது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ்கதிர்த் தொலைநோக்கியும் யூஎச்இசட்1 என்னும் மண்டலத்தை ஆராய்ந்தன. பெருவெடிப்புக்குப் பின் 47 கோடி ஆண்டுகளே கடந்த நிலையில், அதன் கருந்துளை 1 கோடி முதல் 10 கோடிச் சூரிய நிறை கொண்டிருந்தது. 1 லட்சம் நிறையுள்ள விதை ஒன்பது முறை இரட்டித்தால் 5 கோடியாகும், கணக்கு பொருந்துகிறது.

ஆயினும் ஒரு சாட்சியைக் கொண்டு வழக்கை முடித்துவிட இயலாது. சிறு விதைகளே வரம்பை மீறி விழுங்கி வளர்ந்திருக்கலாம் என்போர் உளர். விண்மீன்கள் தோன்றுமுன்பே, ஆதிப் பேரண்டத்தின் அடர்ந்த பகுதிகள் நேரே கருந்துளைகளாயின என்னும் கருத்தை 1971இல் ஸ்டீபன் ஹாக்கிங் ஆராய்ந்தார். அத்தகையது ஒன்றேனும் இன்னும் உறுதிப்படவில்லை. அஸ்ஸூஃபி கண்டதை உள்ளவாறு பதிந்து வைத்தார்; அச்சிறு மேகத்தின் உட்பொருள் விளங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. இவ்வினாவிலும் நமக்கு அத்தகைய பொறுமையே வேண்டும்.