அந்த நீள மேஜையை என்ன செய்தார்கள்?

முதலில் அந்தக் குட்டிக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதை எழுதவும் கை வரவில்லை.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வளைகுடாவைத் தாண்டினால் எமரிவில் என்ற சின்ன ஊர். பொம்மைகளைப் பேசவைத்த, மீன்களை அழவைத்த, எலியைச் சமைக்கவைத்த பிக்ஸார் அங்கேதான் இருக்கிறது. 2000-இல் புதுக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது ஆண்ட்ரூ கார்டன் என்ற அனிமேட்டருக்குக் கிடைத்த அறையின் சுவரில் ஒரு சின்னக் கதவு. தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். போனால் ஏர்கண்டிஷன் வால்வுகளுக்காக விட்டுவைத்த ஓர் இடுக்கு. கார்டன் அதைப் பூட்டிவிட்டு வேலையைப் பார்க்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு உள்ளே கிறிஸ்துமஸ் சரவிளக்கு கட்டினார், லாவா விளக்கு வைத்தார், விலங்குத்தோல் போன்ற உறை போட்ட இருக்கைகளை நுழைத்தார். வருவது யார் என்று பார்க்க வெளியே ஒரு கேமராவும் பொருத்திக்கொண்டார்கள். ‘லவ் லவுஞ்ச்’ என்று பெயர் வேறு!

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. முதலாளி யார்? ஸ்டீவ் ஜாப்ஸ். ஓர் எழுத்துரு பிடிக்கவில்லை என்றாலே கூரை அதிரக் கத்துவதற்குப் பேர்போன மனிதர். அவர் என்ன செய்தார் தெரியுமா? முக்கியமான விருந்தாளிகள் வந்தால் அவர்களையும் அந்தப் பொந்துக்குள் தவழவைத்துக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் கையெழுத்துப் போடச் சொன்னார்!

இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அன்றிலிருந்து பிக்ஸாரின் உள்வீட்டுக் கதை எங்கே கிடைத்தாலும் விடுவதில்லை. தலைமைப் பண்பு என்பதை அதுவரை மேடைப்பேச்சில் தேடிக்கொண்டிருந்தேன். இங்கே அது மேஜையிலும் கதவிலும் கழிப்பறையிலும் இருக்கிறது.

ஆமாம், கழிப்பறையிலும்தான். எந்தத் துறைக்காரரும் எந்தத் துறைக்காரரையும் அடிக்கடி எதிர்ப்பட வேண்டும் என்பது ஜாப்ஸின் ஆசை. அதனால் அந்தப் பெரிய கட்டடம் முழுவதற்கும், நடுக்கூடத்தில் மட்டும், ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்றாகக் கழிப்பறை போதும் என்று பிடிவாதம் பிடித்தார். கர்ப்பமாக இருந்த ஒரு பெண், இதற்காகப் பத்து நிமிடம் நடக்க முடியுமா என்று கேட்டுவிட்டார். பெரிய சண்டை. கடைசியில் ஜாப்ஸ் இறங்கிவந்தார். இரண்டு மாடியிலும், கூடத்தின் இரண்டு பக்கமும் கழிப்பறைகள் வந்தன. கூடம் மட்டும் அவர் நினைத்தபடியே நின்றது. தபால் பெட்டி, சாப்பாட்டுக் கடை, கூட்ட அறை என எதற்குப் போனாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

ஆனால் என் மனசு லயித்தது ஜாப்ஸிடம் அல்ல. அவருக்குப் பின்னால், குரலே உயர்த்தாமல் நின்ற, பிக்ஸாரின் தலைவராக இருந்த எட் கேட்மலிடம்.

சின்ன வயதில் டிஸ்னி படங்களைப் பார்த்து, வளர்ந்தால் கார்ட்டூன்தான் வரைவேன் என்று இருந்த பையன். அதற்குத் தேவையான அளவு கை வரைய வரவில்லை என்று தானே உணர்ந்து, இயற்பியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் போனார். 1972-இல், யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, தன் இடது கையையே கம்ப்யூட்டர் திரையில் அசையவைத்தார். கையை அச்சில் எடுக்கும்போது வாசலின் தடவ மறந்துவிட்டார். அச்சை உரித்ததில் கையிலிருந்த முடியெல்லாம் கூடவே வந்துவிட்டது! அச்சிலிருந்து கிடைத்த பிளாஸ்டர் கையின் மேல் சுமார் 350 முக்கோணங்களும் பலகோணங்களும் வரைந்து, ஒவ்வொரு முனையையும் அளந்து எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். அந்தக் குட்டிப் படத்தை அமெரிக்கா 2011-இல் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. வரைய வராத கையே வரைபடமாகிவிட்டது, பாருங்கள்!

பிறகு நியூயார்க்கில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக இருந்தபோது, வேலை கேட்டு ஆல்வி ரே ஸ்மித் என்பவர் வந்தார். தன் நாற்காலிக்குத் தன்னைவிட இவரே பொருத்தம் என்று கேட்மலுக்குப் பட்டது. வயிற்றைக் கலக்கியது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் சேர்த்துக்கொண்டார். இரண்டு பேரும் லூகாஸ்ஃபிலிமுக்குப் போனார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டர் பிரிவை 1986-இல் ஜாப்ஸ் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, இன்னொரு 50 லட்சத்தை மூலதனமாகப் போட்டார். அதுதான் பிக்ஸார். பல வருடம் நஷ்டம். 1995 நவம்பரில் ‘டாய் ஸ்டோரி’. அதற்குப் பின் நடந்தது ஊருக்கே தெரியும்.

இப்போது அந்த மேஜைக்கு வருகிறேன்.

வெஸ்ட் ஒன் என்று ஒரு பெரிய கூட்ட அறை. அதில் நீளமாக, ஒடுக்கமாக, பார்க்க அவ்வளவு நேர்த்தியாக ஒரு மேஜை. ஜாப்ஸுக்குப் பிடித்த வடிவமைப்பாளர் தேர்ந்தெடுத்தது. இரண்டு பக்கமும் வரிசையாக முப்பது பேர் உட்காரலாம். நடுவில் கேட்மல், தயாரிப்பாளர், இயக்குநர். அவர்கள் நடுவில் இருந்தால்தானே எல்லோர் முகமும் தெரியும்? அதனால் அவர்கள் இடத்தில் பெயர் அட்டை வைக்க ஆரம்பித்தார்கள். கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாருக்கு இலை போட்டு வைப்பதுபோல! அட்டை இல்லாதவர் ஓரத்துக்குப் போனார். ஓரத்தில் இருந்தவருக்கு நடுவில் பேசுவது சரியாகக் கேட்காது, முகமும் தெரியாது. தன் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை போலிருக்கிறது என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

இப்படி எவ்வளவு காலம் நடந்தது என்கிறீர்கள்? 13 வருடம்! யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம் என்று நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்த அதே தலைவர், அதே மேஜையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் நன்றாகக் கேட்டது. அதனால் குறை இருப்பதே தெரியவில்லை. ஒருநாள் தற்செயலாக ஒரு கூட்டம் வேறொரு சின்ன அறையில், சதுர மேஜையைச் சுற்றி நடந்தது. பேச்சு அருவியாகக் கொட்டியது. அப்போதுதான் கேட்மலுக்கு உறைத்தது. மேஜையை மாற்றச் சொன்னார்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். மேஜை மாறிவிட்டது, பெயர் அட்டைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன! அட்டை வைப்பவருக்கு அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் ஒருநாள் உள்ளே வந்தார், அட்டைகளைப் பார்த்தார், எடுத்துக் கன்னாபின்னாவென்று இடம் மாற்றிப் போட்டார். அதோடு அட்டை ஒழிந்தது.

இதைப் படிக்கும்போது எனக்கு என் பழைய அலுவலகம் கண்ணில் வந்து நின்றது. வாரப் பத்திரிகை ஒன்று, பெயர் வேண்டாம். திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் கதவோரம், கடைசி நாற்காலியில், ப்ரூஃப் பார்க்கும் பெரியவர் உட்காருவார். அந்த இதழின் ஒவ்வொரு எழுத்தையும் படித்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். நான் அங்கே இருந்த நாலு வருடத்தில் அவர் கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை. அவர் தலைக்கு மேலே ஃபேன் கடகடக்கும்; முன்னால் பேசுவது காதில் விழாமல் கையைக் காதுக்குக் குவித்துக்கொள்வார். நாங்கள் யாருமே அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடவில்லை. நானும்தான். அது இன்னும் உறுத்துகிறது.

சரி, பிக்ஸாருக்குத் திரும்புவோம். அங்கே பெரிதாகப் பேசப்படுவது ‘பிரெய்ன் டிரஸ்ட்’ கூட்டம். எடுத்தவரை படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, கதை சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து எங்கே இடிக்கிறது என்று இயக்குநரிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை: அவர்கள் சொன்னதை இயக்குநர் செய்தே ஆக வேண்டும் என்று இல்லை. அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டு வாயை மட்டும் திறந்துவிட்ட கூட்டம்! அந்த அறைக்குள் ஜாப்ஸ் வரக் கூடாது என்று கேட்மல் அவரிடமே கேட்டுக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் வார்த்தை எடுபடாது. ஜாப்ஸும் ஒப்புக்கொண்டு வெளியே நின்றார். தன் காசில் ஓடும் கம்பெனியில், தன் குரல் கனம் என்று தெரிந்து கதவுக்கு வெளியே நின்ற அந்த ஜாப்ஸைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

அந்தக் கூட்டங்கள் என்ன பாடு படுத்தும் என்பதற்கு ‘அப்’ படமே போதும். முதலில் இயக்குநர் பீட் டாக்டர் சொன்ன கதையில் வானத்தில் மிதக்கும் கோட்டை, அதில் ஒரு ராஜா, அடித்துக்கொள்ளும் இரண்டு இளவரசர்கள், அவர்கள் பூமியில் விழுந்து சந்திக்கும் உயரமான ஒரு பறவை. திருத்தித் திருத்திப் படம் 2009-இல் வெளிவந்தபோது பழைய கதையில் மிஞ்சியது அந்தப் பறவையும் தலைப்பும் மட்டும்!

இன்னொரு கதை, 1998-இல் நடந்தது. ‘டாய் ஸ்டோரி 2’ வேலை நடந்துகொண்டிருக்கிறது. பிக்ஸார் ஊழியர் ஓரன் ஜேக்கப்பும் இன்னும் சிலரும் கம்ப்யூட்டரில், படத்தின் நாயகப் பொம்மை வூடியின் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வூடியின் தொப்பி காணவில்லை. அடுத்து பூட்ஸ். அடுத்து வூடியே இல்லை! யாரோ தெரியாமல் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டார்கள். மெஷின் அறைக்கு போன் போட்டு, பிளக்கைப் பிடுங்கு என்று கத்தினார் ஜேக்கப். அதற்குள் படத்தில் 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப் இருக்கிறதே என்று போனால் அதுவும் சரியாகப் பதிவாகாமல் இருந்திருக்கிறது.

அறையில் எல்லோரும் உறைந்துபோய் இருந்தபோது கேலின் சஸ்மனுக்கு ஞாபகம் வந்தது. படத்தின் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் அவர். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் பிரதி ஒன்று வாரந்தோறும் வீட்டு கம்ப்யூட்டருக்கு வரும்படி செய்துவைத்திருந்தார். ஓடினார்கள். கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி, காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல் மெதுவாக ஓட்டிவந்தார்கள். படம் பிழைத்தது! அழித்தது யார் என்று விசாரணை வைக்கவில்லை. ஆள் தேடி என்ன ஆகப்போகிறது என்று கேட்மல் விட்டுவிட்டார்.

கொஞ்ச நாளில், அப்படிக் காப்பாற்றிய படம் நன்றாக இல்லை என்று பிக்ஸாரே முடிவுசெய்து, கதையைத் திரும்பவும் முதலிலிருந்து எழுதியது. 1999 நவம்பரில் ரிலீஸ். கையில் இருந்தது சுமார் ஒன்பது மாதம். ராப்பகலாக உழைத்தார்கள். முடிவதற்குள் மூன்றில் ஒருவருக்குக் கை மணிக்கட்டு, விரல், தோள் என ஏதாவது ஒரு பாதிப்பு. அந்த ஜூன் மாதம், தூக்கமே இல்லாத ஓர் ஓவியர் காலையில் குழந்தையைக் காப்பகத்தில் விட மறந்து, காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். அதே ஸ்டுடியோவில் வேலை பார்த்த மனைவி, குழந்தையை விட்டாயிற்றா என்று கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. வெயில் கொதிக்கும் காருக்கு ஓடினார்கள். நினைவிழந்து கிடந்த குழந்தைமேல் தண்ணீர் ஊற்றினார்கள். பிழைத்துக்கொண்டது. படம் கொண்டாடப்பட்டது; ஆனால் அதைப் பெற ஆட்களை எப்படிப் பிழிந்தார்கள் என்பதைக் கேட்மல் தன் புத்தகத்தில் மறைக்காமல் வைத்தார். தலைவர்கள் எழுதும் புத்தகங்களில் இப்படி ஒரு பக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கொண்டாடும் ஆர்வத்தில் இன்னொன்றை நானும் மறைக்கக் கூடாது. ஒருவர் ஆளை இன்னொருவர் இழுக்கக் கூடாது என்று ஸ்டுடியோக்கள் தமக்குள் பேசிவைத்துச் சம்பளத்தை அமுக்கியதாக ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். டிஸ்னியும் பிக்ஸாரும் லூகாஸ்ஃபிலிமும் 2017-இல் 10 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டன. அதில் கேட்மலின் பெயரும் அடிபட்டது. படத்தைக் காப்பாற்றிய கேலின் சஸ்மனும் 2023 ஆட்குறைப்பில் வேலை இழந்தார். மேஜையைச் சதுரமாக்கியவர்களின் வீட்டிலும் நீள மேஜைகள் மிச்சம் இருந்திருக்கின்றன.

இவ்வளவு தெரிந்த பிறகும் பிக்ஸார் படம் ஓடினால் நான் எழுந்திருப்பதில்லை. கடைசிப் பெயர்கள் மேலே ஏறும்போது தியேட்டர் காலியாகும், விளக்கு போடுவார்கள், துடைப்பத்தோடு ஆள் வந்து நிற்பார். நீங்களும் ஒரு நிமிடம் உட்காருங்கள். கிட்டத்தட்ட கடைசியில் ‘ப்ரொடக்ஷன் பேபீஸ்’ என்று ஒரு தலைப்பு வரும். முதல் ‘டாய் ஸ்டோரி’யிலிருந்தே போடுகிறார்கள். அதன் கீழே வெறும் முதல் பெயர்களாக ஒரு பட்டியல். அந்தப் படம் தயாரான வருடங்களில், அங்கே வேலை பார்த்தவர்களின் வீட்டில் பிறந்த குழந்தைகள்!