ஐந்தாவது லட்டு எங்கே?

பூந்தி லட்டு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டியைத் தட்டத் தட்ட எண்ணெயில் பூந்தி விழும். பாகில் ஊறியதும் கைப்பிடியாக எடுத்து உருட்டுவார்கள். உருண்டை நிற்க இத்தனை பூந்தியாவது வேண்டும். அதற்கும் குறைந்தால் லட்டு பிடிபடாது, உதிரிதான் மிஞ்சும். சாலமாண்டரின் காலில் விரல் உருவாவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

சாலமாண்டர் பார்வைக்குப் பல்லி, உறவு தவளையோடு. பெரும்பாலானவற்றுக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. சைபீரியச் சாலமாண்டருக்குப் பின்காலிலும் நான்குதான். ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் ஓல்முக்கு முன்னே மூன்று, பின்னே இரண்டு.

கால் முதலில் ஒரு சிறு மொட்டாகத் தோன்றுகிறது. அதில் செல்கள் பிரிந்து பெருகுவது பூந்தி விழுவது. அவை நெருங்கித் திரள்வது லட்டு பிடிப்பது. அந்தத் திரள்தான் பிறகு குருத்தெலும்பாகி விரலாகும். இதில் வரிசை உண்டு. சாலமாண்டருக்கு முதலிரண்டு விரல்கள் முந்திக்கொள்ளும்; பின்காலின் ஐந்தாவது விரலுக்குக் கடைசிப் பந்திதான். சரக்கு தீர்ந்தால் இலை காலியாக இருப்பது அங்கேதான்.

இதைச் சோதித்தவர்கள் பெரே ஆல்பெர்க், எமிலி கேல் என்ற இருவர். ஆக்ஸலாட்டல் என்னும் மெக்சிகோ சாலமாண்டரின் வளரும் கால் மொட்டில் கோல்ச்சிசின் வைத்தார்கள். செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து அது. பூந்திக் கரண்டியைப் பிடித்து நிறுத்தியதுபோல. (நம் செங்காந்தள் விதையிலிருந்து எடுப்பதும் இதே கோல்ச்சிசின்தான்.) கால் சிறுத்தது, விரல் குறைந்தது. போனது எதுவோ ஒரு விரல் அல்ல, கடைசியாக வரவேண்டிய விரல். தவளையிலோ வரிசை வேறு; அங்கே முதலில் போனது முதல் விரல். 1985இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் எனக்குப் பிடித்தது இந்த வேறுபாடுதான். மருந்து ஒன்று, இழப்பு இரண்டு விதம்.

இயற்கையில் யாரும் மருந்து வைப்பதில்லையே? அங்கே பூந்தியே பருத்துவிடுகிறது. ஆக்ஸலாட்டலின் மரபணுத் தொகுதி மனிதனுடையதைப்போல் சுமார் பத்து மடங்கு. டிஎன்ஏ கூடினால் செல்லும் பெரிதாகும். சின்ன மொட்டில் பெரிய செல்கள் எத்தனைதான் அடங்கும்? கலிஃபோர்னியாவின் ஒல்லிச் சாலமாண்டர்களுக்குப் பின்காலில் ஐந்தாம் விரல் இல்லாததற்கு இது நல்ல விளக்கம். விரல் குறைந்த எல்லா இனங்களுக்கும் இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இயற்கைத் தேர்வுக்கும் பங்கு உண்டு.

உடல் பெரிதாக இருந்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கச் சதுப்புகளில் வாழும் ஆம்ஃபியூமா ஒரு மீட்டர்கூட வளரும், ஆனால் கால்கள் மிகச் சிறியவை. அதில் மொத்தம் மூன்று இனங்கள்: ஒன்றுக்குக் காலுக்கு மூன்று விரல், இன்னொன்றுக்கு இரண்டு, மற்றதற்கு ஒன்றே ஒன்று.